சொந்த மைதானத்துக்குத் திரும்பும் கிளப்: பழைய ஆட்களின் நினைவை வைத்து ஆடுகளத்தை மீட்பது எப்படி?

பொருநைக்கரை
திருநெல்வேலி மானூர் பக்கம் ஒரு ஊர் கால்பந்து கிளப்புக்கு அவங்க பழைய மைதானம் திரும்பக் கிடைச்சிருக்கு. பல வருசமா ரோடு வேலைக்கு ஜல்லி கொட்டி வச்சிருந்த இடம். ஜல்லியை அள்ளிட்டுப் போயிட்டாங்க. இப்ப சுத்தி உடங்காடு, அதாவது சீமைக் கருவேலம், நடுவுல நெருஞ்சி. நிலம் பாதி செம்மண், பாதி கரிசல். கோடு தென்வடலா கிடந்துதா கிழமேலா கிடந்துதான்னே இப்ப ஆடுற பையன்களுக்குத் தெரியாது. பெரியவங்க ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. பொங்கலுக்கு முதல் மேட்ச் நடத்தணும்னு எல்லாருக்கும் ஆசை. பழைய களம் இருந்த இடத்திலேயே புதுக் களம் வரணும்னு பெரியவங்க பிடிவாதமா இருக்காங்க. அது நியாயம்தான்னு எனக்கும் படுது. எங்க தொடங்கணும்? தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க.

கொக்கிரகுளம்
அண்ணாச்சி, ஜே.சி.பி.க்குச் சொல்லுறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட 'அ' பதிவேட்டு (ஊர் நிலக் கணக்கு) நகலும், அந்தப் புல எண்ணுக்கு எஃப்.எம்.பி. (புல அளவு) வரைபடமும் வாங்குங்க. நிலம் விளையாட்டு மைதானம்னு பதிவாகியிருக்கா, வெறும் புறம்போக்கா, பள்ளிக்கூடப் பேர்ல இருக்கான்னு அதுல தெரியும். வெறும் புறம்போக்குன்னா கிராமசபையில தீர்மானம் போடுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்கள்ல சபை கூடும். அடுத்த தேதியை விட்டுடாதீங்க. தாலுகா சர்வேயரை வச்சு எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லுங்க. பக்கத்துப் பட்டாக்காரர் வேலிக்கும் கல்லுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு அப்பத்தான் தெரியவரும்.

இதை ஏன் முதல்ல சொல்லுதேன்னா, லண்டன்ல சார்ல்டன் அத்லெடிக்ங்கிற கால்பந்து கிளப்போட கதை இருக்கு. 1985 செப்டம்பர்ல 'தி வேலி' மைதானத்தை விட்டுட்டுக் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்துக்கு வாடகைக்குப் போனாங்க. 1989-ல திரும்புறோம்னு அறிவிச்சதும் ரசிகர்களே ஆயிரக்கணக்குல உள்ள போய்ச் செடி கொடியெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணுனாங்க. மைதானம் தயார், மக்கள் தயார். ஆனா 1990-ல கிரீனிச் கவுன்சில் கட்டிடத் திட்டத்துக்கு அனுமதி தரல. ரசிகர்கள் 'வேலி கட்சி'ன்னு தனியாத் தேர்தல்ல நின்னு 14,838 வாக்கு வாங்குன பிறகுதான் விசயம் நகர்ந்துது. கடைசில 1992 டிசம்பர் 5-ம் தேதி போர்ட்ஸ்மத்துக்கு எதிரா ஆடித் திரும்புனாங்க. 1–0, கோல் அடிச்சது காலின் வால்ஷ். சுத்தம் பண்ணுனதுக்கும் முதல் மேட்சுக்கும் இடையில மூணு வருசத்துக்கு மேல போச்சு. அதுல ஒரு பெரிய பங்கு அனுமதிக்காகப் போனது.

பழைய ஸ்கோர்ஷீட்
பெரியவங்க ஆளுக்கொண்ணு சொல்லுறது பிரச்சினையே இல்லை. கேட்கிற முறையில்தான் விசயம் இருக்கு. நாலு பேரை ஒண்ணா உட்காரவச்சுக் கேட்டா, சத்தமாப் பேசுறவர் சொல்லுறதுதான் எல்லார் நினைவும் ஆகிப்போகும். தனித்தனியாக் கேளுங்க. "கோல் போஸ்ட் எங்க இருந்துது?"ன்னு கேட்காதீங்க. "மழை பெஞ்சா எந்த கோல் முன்னாடி தண்ணி நின்னுது?", "மேல அடிச்ச பந்து யார் வீட்டு ஓட்டுல விழும்?", "சாயங்கால மேட்ச்சுல வெயில் எந்த கீப்பர் கண்ணுல அடிச்சுது?", "கார்னர் எடுக்கும்போது பின்னால என்ன மரம்?" இப்படிக் கேளுங்க. மூணு பேர் தனித்தனியா ஒரே பதில் சொன்னா அதை எடுத்துக்கலாம். வெயில் கேள்விக்கு "கிழக்கு கோல் கீப்பருக்கு"ன்னு பதில் வந்தா களம் கிழமேல். "அப்படி ஒண்ணும் இல்லை"ன்னா பெரும்பாலும் தென்வடல்.

அடுத்தது போட்டோ. அணி வரிசையா நிக்கிற பழைய படத்துல பின்னாடி கோயில் கோபுரம், தண்ணித் தொட்டி, பனைமரம் ஏதாவது தெரியும். ஒரே நேர்கோட்டுல முன்னும் பின்னுமா விழுற ரெண்டு பொருளைப் பிடிங்க. உதாரணமா, பள்ளிக்கூடச் சுவரோட மூலைக்கு நேர் பின்னாடி கோபுரக் கலசம். இப்ப மைதானத்துல நடந்து, அதே மாதிரி ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு விழுற இடத்துல ஒரு முளை, அந்தக் கோட்டிலேயே தள்ளி இன்னொரு முளை அடிச்சுக் கயிறு கட்டுங்க. படம் எடுத்தவர் அந்தக் கயிறு மேலதான் எங்கயோ நின்னிருக்கார். அதே படத்துல இன்னொரு ஜோடி கிடைச்சா ரெண்டாவது கயிறு. ரெண்டும் வெட்டுற இடம் கேமரா இருந்த இடம். பின்னாடி கோல் போஸ்ட் தெரிஞ்சா அது எந்தத் திசைன்னும் அங்கிருந்தே பார்த்துடலாம். மரத்தை மட்டும் நம்பாதீங்க, வெட்டி வேற வச்சிருப்பாங்க. கட்டிடம்தான் சாட்சி.

பொருநைக்கரை
போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சிருக்கு அண்ணாச்சி. அதுல கோபுரம் தெரியுது, ஆனா ஜோடி எதுவும் அமையல.

பழைய ஸ்கோர்ஷீட்
அப்ப கடப்பாரைதான். பெரியவங்க சொல்லுற இடத்தைச் சுத்தி 3 மீட்டருக்கு 3 மீட்டர் கட்டம் போட்டு, அரை மீட்டருக்கு ஒரு குத்து. மழை பெஞ்சு மண் இளகின மறுநாள் நல்லது. பழைய போஸ்டை கான்கிரீட்டுல நட்டிருந்தா ஒரு அடிக்குள்ள 'ணங்'னு நிக்கும். ஜல்லிக் கல்லுல பட்டா கடப்பாரை நழுவும், கான்கிரீட்டுல பட்டா நழுவாது. கையிலேயே வித்தியாசம் தெரியும். ஒரு போஸ்ட் அடி கிடைச்சா அதிலிருந்து 7.32 மீட்டர் ரெண்டு பக்கமும் அளந்து குத்துங்க. ரெண்டாவதும் கிடைச்சா உங்க கோல் லைன் கிடைச்சுட்டுன்னு அர்த்தம். மர போஸ்ட்டா இருந்தா அடி மக்கிப் போயிருக்கும், அந்த இடத்துல மண் கருத்து, சுத்தி இருக்கிறதைவிட இளக்கமா இருக்கும். கோல் வாயும் காட்டிக் கொடுக்கும். வருசக்கணக்கா கீப்பர் மிதிச்ச இடம் தாழ்ந்துதான் கிடக்கும்.

கரிசல்காடு
மண்ணைப் பற்றி. முதலில் சீமைக் கருவேலம். தரைமட்டத்துக்கு வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். தூரை ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி எடுக்க வேண்டும். குழியை மூடும்போது ஒரே தட்டாக மண் தள்ளாதீர்கள். அரை அடிக்கு ஒரு முறை ஈரம் காட்டி இடித்துக் கெட்டியாக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மழையில் அந்த இடம் உள்வாங்கும், பையன்கள் கணுக்கால் திரும்பும். கோயில் கொடைக்குப் பந்தல்கால் நட்ட குழிகளுக்கும் இதே வைத்தியம்தான். ஊர் மைதானங்களில் காயத்துக்குப் பெரிய காரணம் இந்தப் பந்தல் குழிகள், யாரும் கவனிப்பதில்லை.

ஜல்லி கொட்டியிருந்த பகுதியை மட்டும் 2 அங்குலம் சீவி, அரை அங்குலக் கண் சல்லடையைச் சாய்த்து வைத்துச் சலித்து, மண்ணைத் திரும்பப் போடுங்கள். மைதானம் முழுக்கச் சீவினால் 100 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) மேல் மண் வரும், சலித்து முடியாது.

கரிசல் பக்கம்: கோடையில் வெடிக்கும், மழையில் ஒட்டும். மணலைக் கொட்டிக் கலந்தால் சரியாகும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். கொஞ்சம் மணல் கலந்த கரிசல் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். பாதி மைதானத்துக்கு 10 சென்டிமீட்டர் செம்மண் போடவே 113 யூனிட் வேண்டும், கிளப்பால் முடியாது. கோல் ஏரியாவில் மட்டும், அதாவது 18.32க்கு 5.5 மீட்டரில், 15 சென்டிமீட்டர் கரிசலை எடுத்துவிட்டுச் செம்மண் போடுங்கள். ஐந்தரை யூனிட்டில் முடியும், டிப்பரில் இரண்டு லோடு. சரளை கலந்த செம்மண் வேண்டாம், முட்டி தோல் உரியும். குளத்து வண்டலை அனுமதியில்லாமல் தொட வேண்டாம்.

கரிசல் ஈரமாக இருக்கும்போது வண்டி, ரோலர் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ரோலர் விடலாம். அப்பிக்கொண்டு கிடந்தால் இன்னும் நாள் இருக்கிறது. ரோடு ரோலர் எக்காரணம் கொண்டும் வேண்டாம், மண் இறுகித் தண்ணீர் கீழே இறங்காது.

தண்ணிமட்டம்
களம் எவ்வளவு பெருசுன்னு முடிவு பண்ணுங்க முதல்ல. விதிப்படி நீளம் 90–120 மீட்டர், அகலம் 45–90 மீட்டர். 100க்கு 64ன்னு வச்சா 158 சென்ட். சுத்தி 3 மீட்டர் விட்டா 183 சென்ட். அவ்வளவு இடம் இருந்தா 100க்கு 64 போடுங்க, கணக்கும் சுலபம்.

நடுவுல உயர்த்தி ரெண்டு பக்கமும் சரிவு விடுறது பெரிய ஸ்டேடிய முறை. அரை சதவீதச் சரிவுக்கே களத்தோட நீளவாக்கு நடுவை 16 சென்டிமீட்டர் தூக்கணும், வெளியேயிருந்து 180 யூனிட் மண் வரணும். ஊர் மைதானத்துக்கு ஒரே பக்கச் சரிவு போதும். நிலம் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கமே விடுங்க. மேட்டை வெட்டிப் பள்ளத்துல போட்டாலே வேலை முடியும், வெளி மண் வேண்டாம். அரை சதவீதம்னா ஒரு டச் லைனிலிருந்து (நீளவாக்குப் பக்கக் கோடு) மத்த டச் லைனுக்கு 32 சென்டிமீட்டர் இறக்கம்.

நீளத்துல 10 மீட்டருக்கு ஒரு முளை, அகலத்துல 16 மீட்டருக்கு ஒரு முளை. 11 × 5, ஆக 55 முளை. ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையைவிட 8 சென்டிமீட்டர் தாழ்வு. கொத்தனார் மட்டம் பார்க்க வச்சிருக்கிற தண்ணி டியூப் போதும், ஆனா 20 மீட்டராவது வேணும். தண்ணியை வாளியிலிருந்து உறிஞ்சி நிரப்புங்க, பைப்புல பிடிச்சா காத்துக்குமிழி நிக்கும். ஒரு குமிழி உள்ள இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு, தண்ணி ஒரே உயரத்துல நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் ஒவ்வொரு வரிசையும் தொடங்கணும். நடக்கும்போது கட்டைவிரலால முனையை மூடணும், அளக்கும்போது ரெண்டு பேரும் விரலை எடுத்துடணும். ஒருத்தர் மூடியே வச்சிருந்தா அந்த அளவு செல்லாது. தாழ்ந்த பக்கம் ஒரு வடிகால், டச் லைனிலிருந்து 3 மீட்டருக்கு அந்தப் பக்கம், ஒரு அடி அகலம்.

அம்பை செல்வி
பொங்கலைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல, நான் சொல்லுதேன். மண் வேலை ஆவணிக்குள்ள முடியணும், அருகம்புல் புரட்டாசியில நடணும். இந்தக் கணக்கு சரியா நடந்தா பொங்கலுக்குப் புல் இருக்கும். தள்ளிப் போனா இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மூடாப்புல அருகு மெதுவாத்தான் ஓடும், அதுக்கு நல்ல வெயில் வேணும். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. மார்கழி பாதியில தேதி குறிச்சு நோட்டீஸ் அடிச்சா மழைகிட்ட மாட்டிக்கிடுவீங்க. மாசியில வைங்க.

நடுற முறை: ரெண்டு மூணு கணு இருக்கிற தண்டா 10–15 சென்டிமீட்டர் துண்டு. 20 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை, 5 சென்டிமீட்டர் ஆழம், நுனி வெளியே தெரியணும். வயல் வரப்புல சும்மா கிடைக்கும். ஆனா வேர் மண்ணைத் தண்ணியில அலசிட்டுத்தான் கொண்டுவரணும். அலசாம நட்டா கோரைக்கிழங்கு கூடவே வந்துடும், அப்புறம் கோரையை எடுக்கிறதே கிளப்புக்கு முழுநேர வேலை. முதல் ரெண்டு வாரம் மண் காயக் கூடாது. ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர்னு வச்சாலே 32,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் மூணு லோடு கிட்ட வரும். இதுக்குத்தான் மழை தொடங்குற நேரத்துல நடச் சொல்லுறது. வேர் பிடிச்ச நாலாவது வாரம் 100 சதுர மீட்டருக்கு அரைக் கிலோ யூரியா, உடனே தண்ணி. மொத்தம் 32 கிலோ, ஒரு மூட்டைக்குள்ள முடிஞ்சுடும். எட்டு வாரத்துக்கு யாரும் உள்ள ஆடக் கூடாது.

நெருஞ்சியைப் பூ விடுற சமயத்திலேயே வேரோட பிடுங்கணும். காய் விழுந்துட்டா அடுத்த மழைக்கு அதே இடத்துல நிக்கும்.

ரதவீதி
செல்வி அக்கா, புல்லுக்காக மாசி வரை ஊரைக் காக்க வைக்கணுமா? இந்தப் பக்கம் முக்கால்வாசி மைதானம் வெறும் மண்தான். பார்சிலோனாவே வேலை முடியற வரைக்கும் காத்திருக்கல. 2023 மே மாசம் கேம்ப் நோவை விட்டுப் போனவங்க, 2025 நவம்பர் 22-ம் தேதி மேல் அடுக்கு இல்லாமலேயே, சுமார் 45,000 பேரோட திறந்தாங்க. பில்பாவோ ஊர் அத்லெடிக் கிளப்பை 4–0 ஜெயிச்சாங்க. பாதியில திறந்தா மரியாதை குறைஞ்சிடாது.

அம்பை செல்வி
அவங்க பாதியில விட்டது கேலரியை தம்பி, தரையை இல்லை. தரை முழுசாத் தயாராயிருந்துது. நீங்களும் அப்படியே செய்யலாம். கேலரி வேண்டாம், மேடை வேண்டாம், சுத்துச்சுவர் வேண்டாம், தரையை மட்டும் முடிங்க. வேர் பிடிக்காத புல்லுல 22 பேர் பூட்ஸ் போட்டு ஒன்றரை மணி நேரம் ஆடுனா, புரட்டாசியிலேயிருந்து பட்ட பாடு ஒரே சாயங்காலத்துல போயிடும். இல்லை, வெறும் மண்ணுலதான் ஆடுவோம்னா இந்த வருசம் புல்லே நடாதீங்க, மட்டத்தை மட்டும் சரி பண்ணிப் பொங்கலுக்கு ஆடுங்க. ரெண்டும் சரியான வழிதான். ரெண்டையும் ஒரே வருசத்துல கலக்குறதுதான் தப்பு.

உவரிக்காற்று
கோல் போஸ்ட் நான் சொல்லுதேன். 3 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசுன இரும்பு) குழாய், வெளிவிட்டம் 89 மில்லிமீட்டர். விதியில 12 சென்டிமீட்டர் வரை அனுமதி, அதனால 3 அங்குலம் தாராளம். 4 அங்குலம் போட்டா குறுக்குக் கம்பம் மட்டும் 90 கிலோ தாண்டும், 3 அங்குலத்துல 63 கிலோ.

குழாய் 6 மீட்டர் நீளத்துல வரும். சரிபாதியா வெட்டுனா 3 மீட்டர் ரெண்டு: 2.44 மேல, 56 சென்டிமீட்டர் உள்ள. ஒரு குழாய்ல ஒரு கோலுக்கு ரெண்டு போஸ்ட்டும் முடிஞ்சது. குறுக்குக் கம்பம் போஸ்ட் தலைமேல உட்காரும், நீளம் 7.5 மீட்டர். அதுக்கு 6 மீட்டரோட ஒன்றரை மீட்டர் ஒட்டணும். ஒட்டுற இடத்துல உள்ள ஒன்றரை அடிக்கு ரெண்டரை அங்குலக் குழாயைச் செருகி வெல்டிங் வைங்க. ஒட்டு ஓரமாப் போகுறதால நடுப்பகுதி தொங்காது. ரெண்டு கோலுக்கும் சேர்த்து 5 குழாய், கடைசிக் குழாய்ல 3 மீட்டர் வலைத்தாங்கிக்கு மிஞ்சும்.

எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. 7.32 என்கிறது போஸ்ட்டோட உள்பக்கத்துக்கு உள்பக்கம். குழியைத் தோண்டும்போது நடுவுக்கு நடு அளப்பாங்க, அப்ப 7.41 வைக்கணும். 7.32 வச்சா கோல் 9 சென்டிமீட்டர் ஒடுங்கிப் போகும். உயரத்தையும் மேல்மண் போட்டு முடிச்ச பிறகு அளக்கணும்.

போஸ்ட்டை நேரா கான்கிரீட்டுல புதைக்காதீங்க. 4 அங்குலக் குழாய் 60 சென்டிமீட்டர் துண்டை உறையா வச்சுப் புதைங்க, போஸ்ட் அதுக்குள்ள இறங்கும், ஆப்பு வச்சு இறுக்கலாம். கான்கிரீட் 60 × 60 × 75 சென்டிமீட்டர், நாலு குழிக்கும் சேர்த்து 1:2:4 கலவையில 7 மூட்டை சிமெண்ட். உறைக்கு அடியில ஜல்லி போடணும், இல்லன்னா தண்ணி நின்னு போஸ்ட் அடியிலேயே துருப்பிடிக்கும். ஒரு வாரம் தண்ணி விட்ட பிறகுதான் போஸ்ட்டை இறக்கணும். ஆனி, ஆடிக் காத்துல ராதாபுரம், வள்ளியூர் பக்கம் தரையில பிடிப்பு இல்லாத கோல் சாயும். பிள்ளைங்க தொங்கும்போது சாஞ்சா உயிருக்கே ஆபத்து. உறை இல்லாத கோல் வேண்டவே வேண்டாம்.

வலை கடற்கரை ஊர்கள்ல வலை முடையிறவங்ககிட்ட சொல்லிச் செய்யலாம். கண் 10–12 சென்டிமீட்டர், நூல் 3 மில்லிமீட்டர் தடிமன். பழைய மீன்வலை வேண்டாம், கண் சின்னது, காத்தைப் பிடிச்சுப் போஸ்ட்டை இழுக்கும். மேல ஒரு மீட்டர், அடியில ரெண்டு மீட்டர் ஆழம் விடுங்க. ஆழம் குறைஞ்சா பந்து பட்டு வெளிய தெறிக்கும், கோலா இல்லையான்னு சண்டை வரும். இரும்புக் கொக்கி வைக்காதீங்க, குதிக்கிற கீப்பர் விரல் மாட்டும். கயிறே போதும்.

லைன் அம்பயர்
கோடு. செங்கோணத்துக்கு 12, 16, 20 மீட்டர் முக்கோணம் பிடிங்க. நாலு மூலையும் அடிச்ச பிறகு ரெண்டு குறுக்களவும் 118.73 மீட்டர் வரணும். 10 சென்டிமீட்டர் வித்தியாசம்னாலும் திரும்ப அளங்க. நைலான் கயிறு இழுத்தா நீளும், டேப்பாலதான் அளக்கணும்.

பெனால்டி ஏரியா போஸ்ட்டோட உள்விளிம்பிலிருந்து 16.5 மீட்டர், கோல் ஏரியா 5.5. பெனால்டிப் புள்ளி 11 மீட்டர். நடுவட்டமும் பெனால்டி வளைவும் ஒரே 9.15 மீட்டர் கயிறுதான், ஆனா வளைவுக்கு முளை பெனால்டிப் புள்ளியில அடிக்கணும், ஏரியா கோட்டுல இல்லை. இந்தத் தப்பை நிறைய மைதானத்துல பார்க்கலாம். மொத்தக் கோடு சுமார் 695 மீட்டர். மீட்டருக்கு 100 கிராம் விழுந்தா 70 கிலோ தூள். நீத்தாத சுண்ணாம்பைத் தொடவே தொடாதீங்க, கண்ணுல பட்டா பார்வை போகும், ஈரத்தோலைப் பொசுக்கும். வெள்ளைக்கல் கோலமாவு பாதுகாப்பு.

மேட்ச் நாலு மணிக்கே தொடங்கட்டும். இடைவேளை, கூடுதல் நேரம் எல்லாம் சேர்த்து ஆறு மணி கிட்ட ஆயிடும், அதுக்குப் பிறகு தை, மாசியில வெளிச்சம் சீக்கிரம் போயிடும்.

பழைய ஸ்கோர்ஷீட்
முதல் நாளுக்கு ரெண்டு விசயம். பழைய வீரர்களைக் கௌரவிக்கணும், கட்டாயம். ஆனா நாற்காலியும் மேடையும் களத்துக்கு வெளிய. புதுத் தரையில பிளாஸ்டிக் நாற்காலிக் கால் அப்படியே இறங்கும். நடுவட்டத்துக்கு ஆட்கள் மட்டும் நடந்து வந்தா போதும். சரவெடி களத்துக்குள்ள வேண்டாம். டச் லைனிலிருந்து 3 மீட்டர்ல சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்க, கூட்டம் கயிறுக்கு வெளிய.

பழைய போட்டோக்களை இப்பவே சேருங்க. அசலை வாங்கி வச்சுக்காதீங்க, வீட்டு வாசல்லயே நிழல்ல வச்சு, ஃப்ளாஷ் இல்லாமப் படம் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுங்க. பிரிண்ட் போட்டு ஒவ்வொரு தலைக்கும் நம்பர் போட்டு, ரெண்டு பேர்கிட்டத் தனித்தனியாப் பேர் கேளுங்க. ரெண்டு பேர் சொல்லுறதும் ஒத்தா எழுதுங்க, ஒக்கலைன்னா இடத்தைக் காலியா விடுங்க. தப்பான பேரை எழுதிப் பலகையில மாட்டுனா அந்த வீட்டு ஆட்கள் மனசு நோகும். இறந்துபோனவங்க வீட்டுக்கு நேர்ல போய்ச் சொல்லுங்க, நோட்டீஸ் மட்டும் போதாது.

பொருநைக்கரை
எல்லாருக்கும் நன்றி. கடப்பாரையால தேடுனதுல வடக்குப் பக்கம் ஒரு கான்கிரீட் அடி கிடைச்சிருக்கு. 7.32 தள்ளி மேற்கே ஒண்ணும் இல்லை, கிழக்கே இருக்கு. அப்ப கோல் லைன் கிழமேல், களம் தென்வடல். மேட்ச் மாசியிலன்னு பேசி முடிச்சாச்சு. இப்ப ஒரு சந்தேகம். அந்த ரெண்டு கான்கிரீட் அடிக்கும் நடு, எஃப்.எம்.பி.ல வர்ற எல்லைக்கு நடுவோட பொருந்தல, கிழக்கே ரெண்டு மீட்டர் தள்ளிக் கிடக்கு. எதை வச்சுக் கோடு போட?

தண்ணிமட்டம்
கிழக்குப் பக்கம் டச் லைனுக்கு வெளிய 3 மீட்டர் மிஞ்சுதான்னு பாருங்க. மிஞ்சுனா பழைய அடியையே வச்சுக்கிடுங்க, பெரியவங்க சொன்ன இடம் அதுதான். மிஞ்சலைன்னா இடத்தை மாத்தாம அகலத்தை 60 ஆக்குங்க. அப்ப குறுக்களவு 116.62 மீட்டர், முளை வரிசை 15 மீட்டருக்கு ஒண்ணு, இறக்கம் வரிசைக்கு ஏழரை சென்டிமீட்டர். பழைய கான்கிரீட்டை உடைச்சு எடுத்துட்டு அதே குழியிலேயே புது உறையை இறக்குங்க. ரெண்டு அடி சதுரத்துக்குக் குழி பத்தலைன்னா கோலுக்குப் பின்பக்கமா வெட்டுங்க, முன்பக்கம் வெட்டுனா கோல் வாய் மண் இளகிடும்.